கல்லுக்குக் கல் தொடாத பூதம்

சூடேறினால் இதிலிருந்து ஒரு வாசனை வரும். உனக்குத் தெரியும். பழைய டேப்பும் தூசியும் சேர்ந்து காய்கிற வாசனை. உங்கள் உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குள் மத்தியானம் அடிக்குமே, அது.

உன் விளையாட்டுக் கருவி என் மடியில் இருக்கிறது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. எதிரே மூடிய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் உன் தங்கை கலை. அவள் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு வைத்திருக்க வேண்டியது. உனக்கு இருந்த அதே கோளாறு அவளுக்கும்.

உள்ளே போகும் முன் கருவியை என்னிடம் கொடுத்தாள்.

“ஆஃப் பண்ணிடாதக்கா. புது ஊர்ல நிக்கிறேன். வந்து பாக்கணும்.”

அணைக்கவில்லை. சூடேறுகிறது. வாசனையோடு நீ வருகிறாய்.

உன் அம்மா பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். செருப்பை நாற்காலிக்கு அடியில் ஜோடியாகத் தள்ளி வைத்திருக்கிறார். நான் போனில் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறார்.

“யாருக்குடி இம்மா நேரமா அடிச்சிக்கினு இருக்க?”

“ஆபீஸுக்கு, அத்தை.”

“லீவு போட்டாலும் விட மாட்டானுங்களா?”

உனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கண் கதவின் மேலேயே இருக்கிறது. நான் உன்னோடு பேசுவது அவருக்கு இப்போது நல்ல சகுனமாகப் படாது. அதனால் ஆபீஸ்.

*

இது உன்னிடம் வந்த நாள் நினைவிருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். நீ ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். காலையில் உப்புப் பாத்தி, பிறகு பஸ், பிறகு பெட்ஷீட். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் எதையாவது விட்டுப் போவார்கள். பாதி ஷாம்பு. ஒரு தொப்பி. ஒரு வெள்ளைக்கார அம்மாள் இதை மேசைமேல் விட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நீ ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறாய். அவள் காரிலிருந்து கையை நீட்டி, கருவியைச் சுற்றி உன் விரல்களை மூடிவிட்டாளாம்.

“எனக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல. தேங்க்ஸ்னு சொல்ல வந்து குட்மார்னிங்னு சொல்லிட்டேன்டி. சாயங்காலம்.”

சார்ஜ் நிற்கவில்லை. கூனிமேட்டில் இறங்கி, மொபைல் கடை பாயிடம் கொடுத்தோம். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, போனா?”

“விளையாடறது பாய்.”

“தம்பிக்கா?”

“எனக்குத்தான். பொம்பளைங்க விளையாடக் கூடாதுன்னு எங்கனா போர்டு போட்டிருக்குதா?”

“நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா. உக்காரு.”

ஏதோ ஒரு போனின் பேட்டரியைச் சீவிப் பொருத்தினார். பின்மூடி அதற்குப் பிறகு மூடவே இல்லை. நீ கறுப்பு டேப் சுற்றினாய். அன்றிலிருந்துதான் இந்தச் சூடு, இந்த வாசனை.

உள்ளே ஒரே ஒரு விளையாட்டு. காட்டிலும் குகையிலும் அலைந்து பிராணிகளைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை வைத்து அடுத்ததோடு சண்டை போட வேண்டும். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. நான் சான்றிதழ் வகுப்பில் படித்த பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை. பொத்தானின் இடத்தை வைத்தே நீ எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாய். மேலே இருப்பது அடி. நடுவில் குமிழி, அதை எறிந்துதான் பிடிப்பது. கீழே ஓடு.

பிராணிகளுக்கு நீதான் பெயர் வைத்தாய். வாயை மட்டும் திறந்து மூடும் தவளைக்கு கவுன்சிலர். நண்டுக்கு புரோக்கர்.

“ஏன்டி புரோக்கர்?”

“நேரா ஒரு எடத்துக்கும் போக மாட்டான் பாரு.”

உன்னிடமிருந்ததிலேயே வலுவானவன் புரோக்கர்தான். மற்றதெல்லாம் தோற்றுச் சுருண்ட பிறகும் அவன் நிற்பான். கொடுக்கை ஒருமுறை தூக்குவான், அவ்வளவுதான். உனக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

*

விளையாட்டில் அந்தக் குகையைக் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. கண்ணைச் சுருக்காமல் அந்தப் பக்கம் பார்க்க முடியாது. நீ முந்தானையை இரண்டு தலைகளுக்கும் சேர்த்துப் போர்த்தி, அந்த இருட்டுக்குள் திரையைப் பிடித்தாய்.

குகைச் சுவரில் ஓவியங்கள். மனிதர்கள் சேற்றை மிதிக்கிறார்கள். கற்களை அடுக்குகிறார்கள். அடுத்த ஓவியத்தில் மின்னல். அதற்கடுத்ததில் அது எழுந்து நிற்கிறது.

உள்ளறையிலும் அது நின்றது. கல் கல்லாக ஓர் உடம்பு. ஆனால் கல்லுக்குக் கல் தொடவில்லை. நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி, அந்த இடைவெளியில் நீல மின்னல். அதுதான் கற்களைப் பிடித்து நிறுத்தியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில புள்ளிகள் மட்டும் மினுங்கின. கண்ணா, காதா, தெரியவில்லை. நம்மைப் பார்த்ததா என்றும் தெரியவில்லை.

வகுப்பில் அப்போதுதான் கேட்டிருந்த ஒரு பழைய ஐதீகத்தை உனக்குச் சொன்னேன். வேறு தேசத்தில், களிமண்ணைப் பிசைந்து மனிதனைப் போல ஒன்றைச் செய்து, அதற்கு உயிர் கொடுத்தார்களாம். ஊரைக் காவல் காக்க.

“களிமண்ணுலயா? மழை வந்தா இன்னா பண்ணுவான்?”

“கரைஞ்சிடுவான்.”

“அப்போ சீசனுக்கு மட்டும்தான் இருப்பான். நம்மள மாதிரி.”

அதற்கு லைன்மேன் என்று பெயர் வைத்தாய். எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் கரண்டு வரும் என்றாய். உன் வீட்டில் அந்த வாரம் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

அந்த மாதிரிப் பிராணி விளையாட்டு முழுவதிலும் ஒன்றுதான். அடித்து வீழ்த்திவிட்டால் மறைந்துவிடும், திரும்ப வராது. பிடிக்கலாம். அல்லது ஓடிவந்துவிடலாம், ஓடினால் அது அங்கேயே நிற்கும். பிடிப்பதற்கு உன்னிடம் எதையும் தப்பவிடாத ஒரு கண்ணாடிக் குமிழி இருந்தது. விளையாட்டில் எங்கோ பரிசாகக் கிடைத்தது. அதுவும் ஒன்றே ஒன்று.

நீ ஓடினாய்.

அடுத்த ஞாயிறு போய் நின்றாய். பார்த்தாய். ஓடினாய். அதற்கடுத்த ஞாயிறும்.

“புடிடி. குமிழி இருக்குது இல்ல?”

“இருக்கட்டும். இன்னும் ஒரு வெயில் காயட்டும்.”

உப்பளத்து வீடுகள் எல்லாவற்றிலும் கேட்கிற பேச்சு அது. பாத்தியில் உப்பு பூத்த அன்றே வாரிவிட்டால் பொடியாக இருக்கும். இன்னும் ஒரு வெயில் விட்டால் கல் பருக்கும், விலை பேசலாம். அந்த ஒரு வெயிலுக்குள் மேகம் வந்துவிட்டால் எல்லாம் தண்ணீர். ஊரில் எல்லாரும் ஒருமுறையாவது அப்படி இழந்திருக்கிறார்கள். இருந்தும் எல்லாரும் காத்திருக்கிறார்கள். நீ துணி எடுப்பதற்கும், பதில் சொல்வதற்கும், தலைவலி மாத்திரை போடுவதற்கும் அந்தப் பேச்சையே சொல்வாய்.

சண்டையில் நீ புரோக்கரை மட்டும் அதன் முன்னால் விடவே மாட்டாய். வரிசையில் முதலில் இருந்தால்கூட எடுத்துக் கடைசியில் வைப்பாய்.

“அவன்தானடி ஸ்ட்ராங்கு. அவனை விடு.”

“உப்புத் தண்ணியில கெடக்கிறவன். இவன் தொட்டா அவ்ளோதான்.”

நான் சிரித்தேன். விளையாட்டின் விதியும் அதுதான், நீர்ப்பிராணியை மின்சாரம் இரட்டிப்பாக அடிக்கும். நீ விதியைச் சரியாகப் பிடித்துவிட்டாய் என்று மட்டும் நினைத்தேன்.

*

நீ முதலில் மயங்கி விழுந்தது பஸ்ஸில். அடுத்தது கெஸ்ட் ஹவுஸ் மாடிப்படியில். ரத்தம் குறைவு என்று பேரீச்சம்பழம் வாங்கினார்கள். பிறகு இதே ஆஸ்பத்திரி. உடம்பில் ஒயர்களை ஒட்டி, நீளமாக வந்த காகிதத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார், இதயத்துக்குள் ஓடுகிற மின்சாரம் நடுநடுவே நின்றுவிடுகிறது. ஒரு சின்னச் சாதனம் வைத்தால் நிற்கிற நேரத்தில் அது தட்டிக் கொடுக்கும். பெரிய ஆபரேஷன் இல்லை. தள்ளிப்போட வேண்டாம்.

வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம். நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

“எனக்குள்ள லைன்மேன் லீவுல போய்ட்டானாம்.”

“எப்போ வச்சிக்கிற?”

“சீசன் முடியட்டும்.”

அம்மா பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். நெஞ்சில் தழும்பு, உள்ளே மெஷின், யார் கட்டுவார்கள் என்று. அதனால்தான் நீ தள்ளிப்போடுகிறாய் என்று நினைத்தேன். அதை வைத்து உன்னோடு பெரிய வாதம் செய்தேன். பெண் உடல், கல்யாணச் சந்தை, என்னென்னவோ. வகுப்பில் கற்ற வார்த்தைகள் எல்லாவற்றையும் அந்த வரப்பின்மேல் இறக்கி வைத்தேன். நீ பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே கேட்டாய். முடித்ததும் சொன்னாய்.

“நல்லாத்தான் பேசற. கல்யாணத்துக்கு இல்லடி. சீசன் முடியட்டும். பாத்தி வேலை நின்னதும் வச்சிக்கிறேன். சாமி சத்தியமா.”

அது ஒரு காரணம் என்றே எனக்குப் படவில்லை. பாத்தி வேலைக்கும் இதற்கும் என்ன? வேலைக்கு ஆள் இல்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சத்தியத்தை நீ மீறவில்லை. ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தாய். மழை தொடங்கும் மாதம்.

மழைக்கு முன்னால், கடைசி உப்பு வாரல் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், நீ பலகையை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாய். அம்மா இரண்டு பாத்தி தள்ளி இருந்தார். களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார். வெயில் ஏறியதும், “தண்ணி குடிச்சிட்டு வாடி” என்று கூப்பிட்டிருக்கிறார். பிறகு இன்னொருமுறை கூப்பிட்டிருக்கிறார்.

இதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எனக்கு எழுத வராது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா இந்தக் கருவியை என் கையில் கொடுத்தார். “இத நீ வச்சிக்க. இங்க இருந்தா கண்ணுல படுது.” எப்போதாவது சார்ஜ் போடுவேன். திறந்தால் நீ குகையின் உள்ளறைக்கு வெளியே நிற்பாய். அந்தச் சின்ன உருவம், மூச்சு வாங்குவது போல மேலும் கீழும் அசையும். பார்ப்பேன். மூடிவிடுவேன்.

*

வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கலைக்கு இருந்தது.

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு, உன் இடத்தில் பாத்தியில் இறங்கியிருந்தாள். உன் ரப்பர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நேராகப் பாத்திக்குப் போனாள். பிறகு அம்மாவும் அவளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

சீசன் முடியட்டும்.

அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். வைக்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா, அவருக்கே தெரியவில்லை. “நீ படிச்சவ. நீ வந்து இன்னான்னு கேளு.” சித்திரை வெயில். மரக்காணம் ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. பேசி ஒருவரைச் சம்மதிக்க வைக்கிற நம்பிக்கை உன்னோடு போய்விட்டது. பையில் கருவி இருந்தது, அவ்வளவுதான்.

மோட்டார் கொட்டகை நிழலில் கலை உட்கார்ந்திருந்தாள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“எங்க அக்கா கேம் எடுத்தாந்தியா?”

கொடுத்தேன். வாங்குவதற்கு முன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். நீயும் அப்படித்தான் தொடுவாய். உங்கள் உப்பளத்தில் எல்லாரும் அப்படித்தான். சுவிட்ச், ஒயர், மோட்டார், எதையும் முதலில் புறங்கை. நெடுநாள் முன்பு ஒரு ஆடு ஈர ஒயரை மிதித்து அந்தக் கொட்டகை வாசலிலேயே விறைத்துப்போனதை நீ சொல்லியிருக்கிறாய். உப்புத் தண்ணீர் கரண்டுக்கு ரோடு போட்ட மாதிரி என்பாய்.

கலை திரையைப் பார்த்தாள்.

“இது எதுக்கு இங்கயே நிக்குது?”

சொன்னேன். லைன்மேனைப் பற்றி, ஞாயிறுகளைப் பற்றி, நீ போய்ப் போய் ஓடிவந்ததைப் பற்றி. அவள் பிராணிகளின் வரிசையைப் புரட்டினாள்.

“நண்டு எதுக்குக் கடைசியில?”

“புரோக்கர். அவனை உங்க அக்கா அதும்முன்னால விட மாட்டா. உப்புத் தண்ணியில கெடக்கிறவன், கரண்டு தொட்டா செத்துருவான்னு சொல்லுவா.”

கலை பொத்தானை அழுத்துவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. பாத்தியைப் பார்த்தபடி கேட்டாள்.

“நெஜமா அடிக்குமாக்கா?”

“எது?”

“அந்தப் பொட்டி. உள்ள வச்சப்புறம் இதுல நின்னா.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. 

“உங்க அக்கா உன்கிட்ட அப்படிச் சொன்னாளா?”

“சீசன் முடிஞ்சு வச்சிக்கினா, அடுத்த சீசனுக்குள்ள காயம் நல்லா மூடிக்கும், தண்ணி உள்ள போவாதுன்னு சொன்னா. டாக்டராண்ட கேக்கலாம் இல்லன்னேன். சிரிப்பாங்கடின்னா.”

நீ என்னிடம் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கிறாய். நண்டின் பெயரால் சொன்னாய். நாம் ஒரே முந்தானைக்குள் இருந்தோம். பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அது விளையாட்டின் பேச்சாகவே கேட்டது. உனக்கும் வேறு பாஷையில் அதைச் சொல்ல வரவில்லை.

ஈர ஒயரில் ஆடு விறைத்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். மோட்டார் ஒயரில் டேப் கிழிந்திருந்தால் பாத்திக்குள் காலை வைக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் நெஞ்சுக்குள் கரண்டு வைக்கிறோம் என்றால், முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நிற்கிறவள் என்ன நினைப்பாள்? அது அறியாமை இல்லை. தெரிந்ததிலிருந்து வந்த பயம். கேள்வி ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கேட்கத்தான் வெட்கமாக இருந்தது.

*

மறுநாள் மூவரும் வந்தோம். டாக்டர் அறையில் கலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கேள்வியை நான் கேட்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“சார், நாங்க உப்பளம். நாள் பூரா உப்புத் தண்ணியில நிக்கணும். இத வச்சா ஷாக் அடிக்குமா?”

டாக்டர் சிரிக்கவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும், அவர் சிரிக்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரிச் சாதனத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னது. வழவழப்பாக இருந்தது.

“நல்லா சீல் பண்ணது. உள்ள தண்ணி போகாது, கரண்டு வெளிய வராது. இருக்கிறதும் ரொம்பக் கொஞ்சம் கரண்டுதான். உடம்புக்குள்ளயே ரத்தம் இருக்கு, அதுவும் உப்புத் தண்ணி மாதிரிதான். அதுக்குள்ள இருக்கிறதுக்குன்னே செஞ்சது. கடலுக்குப் போறவங்களுக்கு வச்சிருக்கேன். அவங்க வலை இழுக்கிறாங்க.”

“காயம் ஆறினதும் எறங்கலாமா?”

“இறங்கலாம். கொஞ்ச நாள் இந்தக் கையத் தோளுக்கு மேல தூக்காத, அதான். ஆனா மோட்டார் ஒயரைத் தொடாத. அது யாரும் தொடக் கூடாது.”

கலை சாதனத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் அம்மா பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அப்போ பெரியவளும் நின்னிருக்கலாமா சார்?”

டாக்டர் நிமிர்ந்தார். “யாரும்மா பெரியவங்க?”

 அவர் காகிதங்களைப் புரட்டி, உன் பெயரைக் கண்டுபிடித்து, கண்ணாடியைக் கழற்றினார். அம்மா முந்தானையால் மேசை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் கலைதான் முதலில் பேசினாள்.

“செவ்வாக்கெழமை வரச் சொல்லி இருக்காங்க.”

“செவ்வா வேணாம்டி” என்றார் அம்மா.

“பொதன்?”

“பொதன் வச்சிக்கலாம்.”

அவ்வளவுதான். உன் விஷயத்தில் நான் பேசிய எல்லாப் பேச்சையும்விடச் சின்னது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அம்மா முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். கூனிமேடு தாண்டும்போது கலை கருவியை எடுத்தாள். குகைக்குள் போனாள். அது நின்றது. கற்கள், இடைவெளிகள், நீல மின்னல். நான் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்குள், முதல் முறையிலேயே, ஒரு அடிகூட அடிக்காமல், கண்ணாடிக் குமிழியை எறிந்தாள்.

“ஏய்” என்று கத்திவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாக்கா?”

“அது ஒண்ணுதான்டி இருந்துச்சு.”

“எறியறதுக்குத்தான குடுத்தாங்க?”

குமிழி அசைந்தது. மறுபடி அசைந்தது. நின்றது. கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வலித்த மாதிரி தெரியவில்லை. அது நின்ற இடம் காலியானது.

அந்தக் காலியிடத்துக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது.

நமக்கு அது தெரியவே தெரியாது. அதன் உடம்பு மறைத்திருந்தது. நாம் எப்போதும் வந்த வழியாகவே ஓடினோம். கலை நடந்தாள். குகையின் மறுபக்கம் வெளிச்சம், சரிவு, கீழே ஒரு ஊர். நாம் பார்க்காத ஊர். ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவியிடம் போய்ப் பொத்தானை அழுத்தினாள். பிரெஞ்சில் என்னவோ சொன்னாள்.

“இன்னா சொல்றா?”

“தெர்லடி.”

“நீ படிச்ச இல்ல?”

“பாஸ் மட்டும்தான் பண்ணேன்.”

அவள் சிரித்தாள். உன் சிரிப்பு இல்லை. அவளுடையது.

விளையாட்டைப் பார்த்து அவள் முடிவெடுத்தாள் என்று நான் நினைக்கவில்லை. முடிவு டாக்டர் அறையிலேயே ஆகிவிட்டது. அதற்கும் முன்பே, கேள்வியைக் கேட்ட இடத்தில் ஆகியிருக்கலாம். ஆனாலும் உனக்குச் சொல்லத் தோன்றியது. அங்கே ஒரு ஊர் இருக்கிறது.

கதவு திறக்கிறது. நர்ஸ் உன் அம்மாவைக் கூப்பிடுகிறார். பிறகு எழுதுகிறேன்.

*

சில நாட்கள் ஆகிவிட்டன.

நல்லபடியாக முடிந்தது. கலை உள்ளே முழித்துக்கொண்டேதான் இருந்தாளாம். டாக்டரும் நர்ஸும் கத்திரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டாளாம். “எனக்கு ஒரே பசி. இவங்க எண்ணெய் கத்திரிக்காய் பத்திப் பேசறாங்க.” இடது தோளுக்குக் கீழே பிளாஸ்திரி. கருவியை வாங்கி உடனே பார்த்தாள். புதிய ஊரில் ஒரு கடை இருக்கிறதாம். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மா பாத்திக்குப் போகத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லை. அதிகாலையில் போய்விடுகிறார். கலை இடது கையைத் தூக்கக் கூடாது. ஒற்றைக் கையால் சோறு போட்டுக்கொள்கிறாள், துணிகூட அலசிவிடுகிறாள், திட்டினாலும் கேட்பதில்லை. தலை பின்ன மட்டும் முடியவில்லை. அதனால் இப்போதைக்கு ஊரிலேயே எங்கள் வீட்டில் தங்கி, ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் நான் போய்ப் பின்னிவிடுகிறேன்.

எனக்குச் சரியாக வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் நீதான் எனக்குப் பின்னிவிடுவாய். நான் உனக்கு ஒருநாளும் பின்னியதில்லை. நீ கேட்டதும் இல்லை. முதல் நாள் பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

“இறுக்காதக்கா. கண்ணு மேல போவுது.”

“ஆடாம இரு.”

“இத எங்கனா யூட்யூப்ல பாத்துட்டு வரக்கூடாதா?”

குனிந்தால் அவள் கழுத்து தெரிகிறது. அங்கே, தோலுக்கு அடியில், துடிப்பு தெரிகிறது. பார்த்துக்கொண்டே பின்னலின் மூன்று கால்களையும் ஒன்றன்மேல் ஒன்று போடுகிறேன். துடிப்பு ஒன்று விடாமல் வருகிறது. நின்றுவிடுமோ என்று ஒரு நொடி என் கை நிற்கும். அது நிற்பதில்லை.

உன்னைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பின்னல் முடிந்ததும் அவள் கண்ணாடியில் பார்த்து, பரவாயில்லை என்று தலையை ஆட்டுகிறாள். நான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

இன்று ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“அக்கா, சீப்ப எடுத்துக்கினு போய்ட்ட.”

பையைத் திறந்தேன். இருந்தது.

“வீட்டுல வேற இல்லியா?”

“அம்மாவுது பல்லு போனது. நாளைக்கு மறக்காம எடுத்தா.”

மேசைமேல் வைத்திருக்கிறேன். பச்சைச் சீப்பு. பற்களுக்கு நடுவில் அவள் முடி சிக்கியிருக்கிறது, நீளமாக, நுனியில் லேசாகச் சுருண்டு. எடுத்துப் போடலாம். நாளைக் காலை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.